கிட்டப் போவாண்டாம்

இல்ல மேடம், மைக்கு மட்டும் வேண்டாம். வேற என்ன சோலி வேணும்னாலும் சொல்லுங்க, செய்யுதேன். பந்தல் போடணுமா, போடுதேன். கசேர எறக்கணுமா, நானே சொமந்து எறக்குதேன். படம் காட்டதுக்கு வெள்ளத் துணி வேணும்னா கோயில்ல கேட்டு வாங்கித் தாறேன். மைக்கப் புடிச்சுப் பேசச் சொல்லாதிய. ரெண்டு வருசமா நான் அதத் தொடல.

இரிங்க, ஏன் நிக்கிய. அந்தக் கசேரைக்குக் கால் ஒண்ணு ஆடும், செவரோட சாச்சுப் போட்டுக்கிடுங்க. ஏட்டி ஓமனா, நாகர்கோவில்லேருந்து டால்பின் ஆபீசு மேடம் வந்திருக்காவ, ஒரு சாயா போடு. சீனி கொறைச்சா? ஏட்டி, சீனி கொறைச்சு. எனக்க பெஞ்சாதிதான். நீங்க பேரு என்ன சொன்னிய, ஆதிரா. நல்ல பேரு.

யாரு சொல்லி என்னத் தேடி வந்திய? சஜிதாவா?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. அவதான் ஒங்க பெண்கள் குழுவுக்குத் தலைவின்னு கேள்விப்பட்டேன். நல்ல காரியம். வீட்டுக்குள்ளயே கெடந்தா கிறுக்குப் புடிச்சிரும். அவளுக்க கெட்டியோன் ஜெரிஷ் கடலுக்குப் போயி ரெண்டு வருசமாத் திரும்பி வரல, சொன்னாளா? சொல்லியிருப்பா. பஸ்சுல பக்கத்துல இருக்கவகிட்டக்கூட சொல்லுவா. ததேயு அண்ணன் பேசினாத்தான் ஆளு கூடும்னு அவளா சொன்னா? அவ வாயாலயே சொன்னாளா?

சரி. சாயா வரட்டும்.

ஒங்க ஆபீசுச் செவருல ஒரு போட்டோ தொங்குமே, நீலச் சட்ட, நெஞ்சுல மீன் துள்ளுத படம், கையில மைக்கு. ஆமா, அது நான்தான். அப்பம் தல இவ்வளவு நரைக்கல. மீன்னு சொன்னதுக்குச் சிரிக்காதிய, மீனு இல்ல பாலூட்டின்னு நானே நூறு தடவ சொல்லிக் குடுத்திருக்கேன். நாங்க ஓங்கல்னு சொல்லுதது, நீங்க டால்பின்னு சொல்லுதது, ரெண்டும் ஒண்ணுதான்.

எங்க ஊருல கோயில் மைக்குதான் மேடம் பேப்பரு, டிவி, தபாலு எல்லாம். ஆளு செத்தா மைக்கு. காத்து பலமா அடிக்கும்னு சேதி வந்தா மைக்கு. ரேசன் கடையில அரிசி வந்தா மைக்கு. ஒருத்திக்க ஆடு கயத்த அறுத்துட்டு ஓடிட்டுன்னாலும் மைக்குதான். வள்ளம் நேரத்துக்குக் கரை அடையலேன்னா அதும் மைக்குலதான் சொல்லணும். இருவத்திரெண்டு வருசம் அத வாசிச்சது நான். சாமியாரு மாறுவாரு, கமிட்டி மாறும், மைக்குக்கு மட்டும் ததேயுதான். எனக்க சத்தம் அப்பிடி. அலைவாய்க்கரை வரைக்கும் தெளிவாக் கேக்கும்.

அஞ்சு வருசம் முன்ன ஒங்களுக்கு முன்னால இருந்த சாரு வந்தாரு. நல்ல மனுசன். திருச்சிப் பக்கம் ஊரு, கடல்ல கால நனைக்கப் பேடி. ஆனா ஓங்கலப் பத்தி என்ன கேட்டாலும் சொல்லுவாரு. மொதக் கூட்டத்துக்குப் பதினேழு பேரு வந்தான், அதுல பாதி மழைக்கு ஒதுங்குனவன். சாரு படம் போட்டுக் காட்டுதாரு, இது மூச்சு விடுத ஓட்டை, இது குட்டிக்குப் பாலு குடுக்கது, வலையில மாட்டி இத்தன சாவுதுன்னு. ஒருத்தன் கொட்டாவி விட்டான், அது அப்பிடியே வரிசையாப் போயி கடைசி ஆளு வரைக்கும் விட்டு முடிச்சான். கூட்டம் முடிஞ்சு சாரு என்கிட்ட வந்து, ஐயா நீங்க பேசினாத்தான் இவங்க கேப்பாங்கன்னாரு. ஒத்துக்கிட்டேன்.

சட்டைக்கும் தொப்பிக்கும் ஆசப்பட்டு இல்ல. ஊருல அப்பிடித்தான் பேசினான். எனக்கு வேற ஒரு கணக்கு இருந்துது. இருவத்தஞ்சு வயசுல சொறாத் தூண்டிலுக்குப் போன வள்ளத்துல நான் கூலிக்குப் போனேன். பதினெட்டு நாளு, இருவது நாளு கடல்லேயே கெடக்கணும். தூண்டில்ல மாட்ட எரை தீந்து போச்சுன்னா ஓங்கலக் குத்துவோம். கம்பு முனையில ஈட்டியக் கட்டி, வள்ளத்து முன்தல அணியத்துல நின்னு. அதுவ வள்ளத்தக் கண்டா வெளாடதுக்கு ஓடி வரும்லா, நாய்க்குட்டி மாதிரி முன்னால முன்னால நீந்தும். குத்துததுக்கு ஒரு கஷ்டமும் கெடையாது. ஒரு தடவ நான் குத்துனது பெட்டை. மேல தூக்கிப் போட்டு அறுக்கேன், ரத்தத்தோட பாலு வருது. வெள்ளையா, கெட்டியா. பலகையில ஓடி எனக்க காலு வரைக்கும் வருது. வள்ளத்தச் சுத்தி குட்டி விசிலடிச்ச மாதிரி கத்திக்கிட்டே வருது, மோந்தி, இருட்டுத வரைக்கும் போவல. அந்தத் தூண்டில்ல அன்னிக்கு நல்ல மீனு. எல்லாவனும் சிரிச்சிட்டு இருக்கான். நானும் சிரிச்சேன் மேடம், பொய் சொல்லப்பிடாது. ஆனா வீட்டுக்கு வந்தா ஓமனா மூத்தவளுக்குப் பாலு குடுத்துட்டு இருக்கா. நான் வெளிய எறங்கிப் போயிட்டேன். அதான் சாரு கேட்ட ஒடனே சரின்னேன்.

மொத ஆறு மாசம் சாரு எழுதிக் குடுத்தத அப்பிடியே வாசிச்சேன். உயிரோட மாட்டுனா வலைய அறுத்து விடுங்க, செத்து மாட்டுனா போன் பண்ணுங்க, அதுவ நம்மளப் போல மூச்சு விடுத சீவன். எவனும் கேக்கல. அது மூச்சு விட்டா எனக்கு என்னலே, எனக்க வலைக்கு யாரு மூச்சு குடுப்பான்னு கேட்டான் ஒருத்தன். ஞாயந்தான. வலைய அறுக்கது கையில ஒரு வெரல அறுக்க மாதிரி.

அதுக்குப் பொறவுதான் நான் சொந்தமாச் சேக்க ஆரம்பிச்சேன். ஏழு வருசம் ஜெயிலுன்னேன். அது சட்டத்துல உள்ளதுதான், சரி. தொட்டாலே ஜெயிலுன்னேன். செத்து மிதந்தாலும் கிட்டப் போவாண்டாம், கிட்டப் போனாலே கேசுன்னேன். மேல ஆகாசத்துல இருந்து போட்டோ எடுப்பான், ஒனக்க வள்ளத்து நம்பரு அதுல விழும்னேன். சாட்டலைட்டுன்னு ஒரு வார்த்த போட்டேன். பேதியாயிட்டானுவ. சாரு ஒரு தடவ கேட்டாரு, ஐயா அப்பிடியெல்லாம் இல்லியேன்னாரு. சாரே, நீங்க அன்பா சொல்லி ஆறு மாசம் ஆச்சு, நான் பேடிக் காட்டி ஆறு நாளுல நடத்திக் காட்டுதேன்னேன். சிரிச்சிட்டே விட்டுட்டாரு. சோலி நடக்குல்லா.

நடந்துது மேடம். அந்த வருசம் எங்க கரையில ஓங்கலு ஒண்ணுகூட வெட்டுப்பட்டு அடையல. ஷீல்டு குடுத்தாவ. அந்தா, டிவிக்குப் பக்கத்துல இருக்கே, கண்ணாடிப் பெட்டியோட. ஓமனா அதுல ஊசியும் நூலும் வச்சிருக்கா.

அந்த நோட்டீசத் தாங்க, பாப்போம். கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்து தெரியாது, நீங்களே வாசிங்க. ரெண்டாவது வரி. ஆமா, இறந்து மிதக்கும் கடல் பாலூட்டிகளை நெருங்க வேண்டாம். பாத்தியளா, அது நான் போட்ட வரி. என் வாயில இருந்து வந்தது. நீங்க அச்சடிச்சு ஆயிரம் காப்பி கொண்டு வந்திருக்கிய. நோய் பரவும்னு டாக்டரு சொன்னாரா? இருக்கலாம். நான் நோய நெனச்சுச் சொல்லல. சும்மா பேடிக் காட்டச் சொன்னேன்.

சாயா ஆறுது, குடிங்க.

பொறவு ஆன்ட்ரூசுக்க சங்கதி நடந்துது. ஆன்ட்ரூஸ் எனக்க அளியன், ஓமனாவுக்குக் கூடப் பொறந்தவன். பங்குனி மாசம் அவனுக்க வலையில ஒரு ஓங்கலு செத்து மாட்டியிருக்கு. வலை புதுசு. கடல்ல நின்னு அறுக்க மனசு வராம, கரையில போட்டுப் பைய எடுப்போம்னு இழுத்துட்டு வந்துட்டான். கரையில ஒரே பெகளம், புள்ளையளும் பொம்பளையளும் சுத்தி நிக்காவ. நான் போனேன், நீளம் அளந்தேன், ஏழடி. போட்டோ எடுத்தேன், ஒங்க வாட்சாப் குழுவுல போட்டேன். எடம், நேரம், நீளம் எல்லாம் எழுதி. அதான எனக்க சோலி. போட்டோவுக்கு மூலையில அவனுக்க வள்ளத்து நம்பரு தெளிவா விழுந்திருக்கு. நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல.

மத்தியானம் பாரஸ்ட்டுக்காரன் ஜீப்பு வந்துட்டு. அவன் பிடிக்கல, அது தானாச் செத்துதுன்னு எவ்வளவோ பறைஞ்சேன். கோர்ட்டுல சொல்லுன்னான். பதினஞ்சு நாளு உள்ள இருந்தான். வள்ளம் கேசுல மாட்டிக்கிட்டு கரையிலேயே கெடந்து வெயில்ல காஞ்சுது. ஜாமீன்ல வெளிய வந்த அன்னிக்கு நேரா இங்கதான் வந்தான். யாரு போட்டோ குடுத்தான்னு கேக்கல. தெரியும். எனக்கு ஒரு பீடி தந்தான், அவன் ஒண்ணு பத்த வச்சான். பொறவு, அளியா எனக்கு வள்ளம் இல்ல, ஒனக்க வள்ளத்துல வாறேன்னான். வாடான்னேன். வேற என்ன சொல்லதுக்கு இருக்கு.

அந்தக் கேசுக்குப் பொறவு நான் மைக்குல பேச வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு. கடல்ல கறுப்பா எது மிதந்தாலும் நம்ம ஆளுவ வள்ளத்தத் திருப்பிருவான். ஒருத்தன் லாரி டயரக் கண்டு திருப்பிட்டு வந்தான், கரையில வச்சு சிரியோ சிரின்னு சிரிச்சோம். எனக்கும் அப்பிடித்தான் ஆயிட்டு. நானே கெட்டின பொய்யி, சொல்லிச் சொல்லி எனக்க நெஞ்சுக்குள்ளயும் போயி இருந்துட்டு. ஆகாசத்துல ஒரு பிளேன் சத்தம் கேட்டா நிமிந்து பாப்பேன்னா பாத்துக்கிடுங்க.

அந்த ஆனி மாசந்தான் ஜெரிஷ் போனது.

முப்பத்தொண்ணு வயசு. மேக்க தெருவுல வீடு. கணவாய் தூண்டிலுக்கு ஒத்தைக்குப் போற ஆளு, சின்ன வள்ளம், சின்ன என்ஜினு. ஆனியில ஒத்தைக்குப் போவப்பிடாதுன்னு எல்லாரும் சொல்லத்தான் செய்வோம், கேப்பானா, சஜிதாவுக்கு அப்பம் ஏழு மாசம். மொத நாளு மத்தியானம் போனவன் அடுத்த நாளு வெளுத்த பொறவும் வரல. பதினொண்ணரைக்கு சஜிதா அந்த வயித்தத் தூக்கிட்டு கோயிலுக்கு வாறா. கையில பள்ளிக்கூட நோட்டுல இருந்து கிழிச்ச ஒரு தாளு. ததேயு அண்ணே, இதக் கொஞ்சம் வாசிச்சிருங்கன்னு தந்தா. நானும் கடலுக்குப் போயிட்டு வந்து அப்பத்தான் குளிச்சுட்டு, கோயிலுக்கு வந்திருக்கேன்.

மைக்கப் போட்டேன். கனிவான அறிவிப்புன்னு ஆரம்பிக்கது வழக்கம். வாசிக்கேன். பேரு ஜெரிஷ். வயசு முப்பத்தொண்ணு. வள்ளம் நீலமும் வெள்ளையும். நேத்து மத்தியானம் தனியாப் போனது. அடுத்த வரி, கறுப்பு மழைக்கோட்டு போட்டிருந்தார்.

அந்த வரியோட நிறுத்திட்டேன்.

இருவத்திரெண்டு வருசத்துல எத்தன சாவு வாசிச்சிருக்கேன், எனக்க தம்பி செத்ததயே நான்தான் வாசிச்சேன், சத்தம் ஒடையல. அன்னிக்கு ஒடஞ்சுது. மைக்க அணைச்சுப் போட்டு வெளிய வந்து, கரண்டு போச்சுன்னு சொன்னேன். எதுத்தாப்புல குருசு நிக்க குருசடியில பல்பு எரிஞ்சிட்டு நிக்கு. எவனும் அதக் கவனிக்கல. சஜிதா மட்டும், மிச்சம் ரெண்டு வரி இருக்கே அண்ணேன்னா. அந்த ரெண்டு வரியில போன் நம்பரு இருந்துது.

அன்னிக்கு விட்டதுதான். பொறவு மைக்குக்குப் போவல.

சும்மா இருக்கல. ஓடுனேன். கரையில ஆளக் கூட்டினேன். நாலு வள்ளம் எறக்குனோம். எங்க தேடன்னு கேட்டானுவ. நான் சொன்னேன், கோயில் கோபுரத்துக்கு நேரா கரைய விட்டு வெலங்க ஏழு மைல் ஓடுங்க, அங்கேருந்து கொஞ்சம் தெக்க, வேற எங்கயும் எண்ணெய வீணாக்காதியன்னேன். நானும் போனேன். மழை. மோந்தி வரைக்கும் சுத்துனோம். நான் சொன்ன எடத்துல இருந்து அர மைல் தள்ளி அவனுக்க வள்ளம் கவுந்து கெடந்துது. ஆளு இல்ல. அடுத்த மூணு நாளும் போனேன். செருப்புகூட கெடைக்கல.

ஊரு என்னத் தூக்கி வச்சு ஆடுச்சு. கடலுக்க நீரோட்டம், நீவாடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு கரையில நின்னே ததேயு சொல்லிட்டான், அவனுக்குக் கடலு கைரேக மாதிரின்னு பேச்சு. சாமியாரு பூசையிலயே சொன்னாரு. சஜிதா எனக்க ரெண்டு கையயும் புடிச்சு, நீங்க சொன்ன எடத்துலதான அண்ணே வள்ளம் கெடந்துது, அப்பம் அவரு எங்க போயிருப்பாருன்னும் ஒங்களுக்குத் தெரியும், சொல்லுங்கன்னா.

அன்னிக்குத் தொடங்குனா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பூசை முடிஞ்ச ஒடனே வந்து நிப்பா. இப்பம் ஒரு பொண்ணு இருக்கு, அதையும் இடுப்புல வச்சுக்கிட்டு. அண்ணே, அந்த நேரத்துல நீவாடு எப்பிடி இருந்துது, வடமேக்கா? அப்பம் லட்சத்தீவு பக்கம் போயிருக்கலாமா? மாலத்தீவுக்காரன் வள்ளம் கண்டு ஏத்தியிருந்தா? பாஷ தெரியாம எங்கயாவது ஜெயில்ல கெடப்பாரோ? நானும் ஆமாட்டி, இருக்கலாம்ட்டி, லட்சத்தீவு பக்கம் ஏத்தியிருப்பான்னு சொல்லுதேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் சொல்லுதேன். அத வச்சு அவ கலெக்டரு ஆபீசுக்குப் போறா, மனு எழுதுதா, அவனுக்க நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் பண்ணுதா. தாலி கழுத்துலதான் கெடக்கு. மேக்க தெருவுல நல்ல ஒரு ஆளு, பெஞ்சாதி செத்தவன், புள்ளையயும் சேத்து நான் பாத்துக்கிடுதேன்னு கேட்டு விட்டான். இவ அவனுக்க அம்மய நாலு ஏச்சு ஏசி விட்டுருக்கா. எனக்க மாப்பிள உயிரோட இருக்காருன்னு ததேயு அண்ணனே சொல்லியிருக்காருன்னு சொன்னாளாம்.

ததேயு அண்ணனே. கேட்டியளா.

ஒடலு கெடைக்காம செத்தான்னு எழுதித் தரதுக்கு ஏழு வருசம் ஆவும்னு ஆபீசுல சொல்லியிருக்கான். இன்னும் அஞ்சு வருசம் அவ வந்து நிப்பா. நானும் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தீவு சொல்லணும். எனக்குத் தீவுக்குப் பேரு தீந்து போச்சு மேடம்.

என்ன கேக்கிய?

இல்ல, நல்லாக் கேட்டிய. ரெண்டு வருசமா இந்த ஊருல ஒருத்தனுக்கும் கேக்கத் தோணல. நாலு பக்கமும் கடலு கெடக்க, கரையில நின்னு அவ்வளவு சரியா எப்பிடி எடம் சொன்னேன்னு. நீவாடு கணக்கும் இல்ல, கைரேகயும் இல்ல. அன்னிக்குக் காலம்பற ஆறரைக்கு நான் அவனப் பாத்துட்டுத்தான வந்தேன்.

இரிங்க. எந்திரிக்காதிய. சொல்லிருதேன், நடுவுல நிறுத்துனா பொறவு வராது.

வலைய எடுத்துட்டுத் திரும்பி வாறோம். நானும் ஆன்ட்ரூசும் ரெண்டே பேருதான். என்ஜினு எனக்க கையில, அவன் அணியத்துல. சாரல் மழை, கடலு சாம்ப நெறத்துல கெடக்கு. மேக்க கொஞ்ச தூரத்துல பறவ சுத்துது. அதுக்குக் கீழ கறுப்பா, பளபளன்னு, முதுகு மாதிரி ஒண்ணு அலையில ஏறி எறங்குது. மழைக்கோட்டுக்குள்ள காத்து ஏறி உப்புனா அப்பிடித்தான் இருக்கும்னு இப்பம் தெரியுது. அப்பம் எனக்கு அது ஓங்கலு. செத்த ஓங்கலு. வேற ஒண்ணும் தோணவே இல்ல. ரெண்டு வருசமா மைக்குல அதத்தான படிச்சேன்.

ஆன்ட்ரூஸ் சொன்னான், அளியா, ஏதோ போல இருக்கு, கிட்டப் போயி ஒரு பார்வ பாப்போம்னு. கேசு வாங்கி உள்ள இருந்துட்டு வந்தவன் அவன். அவன் சொல்லுதான் கிட்டப் போவோம்னு. நான் சொன்னேன், ஏலே ஜாமீன்ல நிக்கவன் நீ, ஒனக்கு இன்னொரு கேசு வேணுமா, ஒன்ன ஒரு தடவ மாட்டி விட்டது போதும்னேன். அவனக் காப்பாத்துதேன்னு நெனச்சேன் மேடம். அது உண்ம. கோயில் கோபுரத்தப் பாத்து எடத்த மட்டும் மனசுல வச்சேன், கரைக்குப் போயி ஒங்க குழுவுல எழுததுக்கு. எழுதவும் செஞ்சேன். ஓங்கல் ஒன்று, இறந்தது, கரையிலிருந்து ஏழு மைல்னு. ஒங்க ரிஜிஸ்டருல இன்னும் கெடக்கும், போயிப் பாருங்க. ஜெரிஷ நீங்க ஓங்கல்னு எழுதி வச்சிருக்கிய.

ஓமனாவுக்கு இது தெரியாது. இப்பம் அடுக்களையில நின்னு கேட்டுட்டு இருப்பா. கேக்கட்டும். ஆன்ட்ரூஸ் அந்த மாசமே மங்களூருக்குத் தொழிலுக்குப் போனான், அக்காகிட்டக்கூட போன்ல பேசுதில்ல. ஏன் பேசுதில்லன்னு அவ எங்கிட்ட எத்தனையோ தடவ கேட்டாச்சு.

இதுவும் சொல்லணும். செத்துக் கெடந்தவனத்தான விட்டுட்டு வந்திய, ஒங்க மேல குத்தம் இல்லன்னு ஒங்களுக்குத் தோணும். மொகத்துல தெரியுது. அப்பிடி இருந்தா நான் என்னிக்கோ போயிச் சொல்லியிருப்பேன் மக்கா. அது கையத் தூக்குச்சு. ஒரு தடவ தூக்கி, கீழ விழுந்துது. அளியா கை போல இருக்குன்னு ஆன்ட்ரூஸ் எந்திரிச்சு நின்னுட்டான். ஓங்கலுக்க செட்டைலே அது, அலை பெரட்டுதுன்னேன். சொல்லி முடிக்கல, ரெண்டாவதும் தூக்குச்சு. நான் அதப் பாத்துக்கிட்டேதான் என்ஜினு வேகத்தக் கூட்டினேன்.

சாயாவக் குடிக்கவே இல்லியே நீங்க.

கூட்டம் சனிக்கெழம எத்தன மணிக்குன்னு சொன்னிய? நாலா. சரி, நான் வாறேன், மைக்க எனக்குத் தாங்க. ஓங்கலப் பத்திப் பேச நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க. சஜிதாவ மட்டும் நீங்களே போயிக் கூப்பிட்டு முன்னால இருத்துங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லீராதிய. ததேயு அண்ணன் கூப்பிட்டாருன்னா, ஏதோ நல்ல சேதின்னு புள்ளையயும் தூக்கிட்டு ஓடி வருவா.